அலகும் உழவாரமும் அணையா அடுப்பும்
(கடலூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாழ்க்கையின் பிரயோஜனம் யாது என்னும் கேள்வி துறவிகளுக்கும் தத்துவ ஆராய்ச்சியாளருக்கும் மட்டுமே உரியதென்று ஒரு காலத்தில் கருதப்பட்டிருக்கலாம். இன்றோ, பட்டம் பெற்றுப் பல மாதங்களாக வேலைக்குக் காத்திருக்கும் இளைஞனும், பிள்ளைகளை ஆளாக்கி அயலூருக்கு அனுப்பிவிட்டு வெறிச்சோடிய வீட்டில் தனித்திருக்கும் தாயும், முப்பதாண்டு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற மறுநாள் பொழுது விடிந்ததும் என்ன செய்வதென்று அறியாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரும் அந்தக் கேள்வியைத் தம் நெஞ்சோடு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை, முதலில் ஓர் உயர்ந்த இலட்சியத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும், அது கிடைத்துவிட்டால் அன்றாட வாழ்வு தானே ஒழுங்குபடும் என்பது. நான் உங்கள் முன்னிலையில் சொல்ல வந்திருப்பது இதற்கு நேர்மாறானது. பிறர்க்குப் பயன்படும் சிறு செயல் ஒன்றை நாள் தவறாமல் செய்துவருகிறவனைத் தேடி இலட்சியம் தானே வந்து சேரும் என்பதும், அதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை, கெடிலக் கரையும் வடலூர்த் திடலும் தில்லை வீதியும் போதும் என்பதுமே என் கருத்து.

முதலில் கெடிலக் கரைக்கு வருவோம். பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில், புகழனார் என்பவருக்கும் மாதினியார் என்பவருக்கும் மகளாகப் பிறந்த திலகவதியாரின் சரித்திரத்தைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் என்னும் சேனைத்தலைவர் அரசன் ஏவலால் போர்க்களம் சென்றார். அவர் திரும்புவதற்குள் தந்தை மறைந்தார், தாயும் அவரைத் தொடர்ந்தார். அந்தத் துயரம் ஆறுவதற்குள் கலிப்பகையார் களத்தில் மாண்ட செய்தியும் வந்து சேர்ந்தது. இனி உயிர் தரித்திருப்பதில் பயனில்லை என்று துணிந்த அந்தப் பெண்ணின் காலில் விழுந்து, நீங்கள் போனால் உங்களுக்கு முன்னே நான் போவேன் என்று அழுத தம்பி மருணீக்கியாருக்காகவே அவர் உயிர் தாங்கினார். அந்தத் தம்பியும் பிற்காலத்தில் சமண சமயத்தைத் தழுவி, தருமசேனர் என்னும் பெயரோடு, இன்று திருப்பாதிரிப்புலியூர் என்று நாம் அழைக்கும் பாடலிபுத்திரத்துக்குப் போய்விட்டார்.

தாய் தந்தையர் இல்லை, மணவாளன் இல்லை, யாருக்காக உயிர் வைத்திருந்தாரோ அந்தத் தம்பியும் உடனில்லை என்ற நிலையில் அவர் என்ன செய்தார் என்பதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானம் என்னும் சிவாலயத்துக்கு வந்து தங்கி, விடியற்காலையில் எழுந்து, கோயில் முற்றத்தை அலகு என்னும் துடைப்பத்தால் கூட்டினார்; சாணமிட்டு மெழுகினார்; நந்தவனத்து மலரைப் பறித்து மாலை தொடுத்தார். இவற்றில் ஒன்றுகூட அரிய வித்தை அன்று. நம் வீட்டுப் பெண்மக்கள் வாசல் தெளித்துக் கோலமிடும்போது அன்றாடம் செய்யும் வேலைதான். ஆயினும் அந்த வேலைக்கு ஒரு நேரம் இருந்தது, ஓர் இடம் இருந்தது, அதைத் தன்னலம் கருதாமல் செய்யும் உள்ளம் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து, உடைந்துபோயிருக்க வேண்டிய ஒரு வாழ்வை ஆண்டுக்கணக்கில் தாங்கி நிறுத்தின. துக்கத்தை வென்றபின் தொண்டு செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. தொண்டு செய்துவந்த கைகளுக்கு முன்னே துக்கம் மெல்ல மெல்ல இடம் விட்டு விலகியது.

பின்னர்த் தம்பியைச் சூலை நோய் பற்றியது. சமண மடத்தில் எவராலும் அதைத் தீர்க்க முடியாமற்போகவே, அவர் யாரும் அறியாமல் இரவோடு இரவாக நடந்து திருவதிகைக்கு வந்து தமக்கையின் திருவடியில் வீழ்ந்தார். எத்தனையோ ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த அந்த நாளிலும் திலகவதியார் தம் வழக்கத்தை நிறுத்தவில்லை. தம்பிக்குத் திருநீறு அளித்துவிட்டு, திருப்பள்ளியெழுச்சி வேளையில் அலகையும் மெழுகுசாணத்தையும் தண்ணீர்த் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, அவரையும் உடன் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார் என்கிறது புராணம். இதைப் படிக்கும்தோறும் என் உள்ளம் கரைகிறது. தம்பி மீண்டது அற்புதம் என்றால், மீண்டவனை அழைத்துச் செல்வதற்கு ஓர் இடத்தையும் ஒரு வேலையையும் தமக்கை அத்தனை ஆண்டுகளாகக் கைவிடாமல் வைத்திருந்தது அதனினும் பெரிய அற்புதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்று அந்த முற்றத்தில் பாடத் தொடங்கி, திருநாவுக்கரசர் என்று பெயர் பெற்ற அந்தத் தம்பி, தமக்கையிடம் கற்ற பாடத்தை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. கோயில் முற்றத்துப் புல்லையும் முள்ளையும் செதுக்கும் உழவாரம் என்னும் இரும்புக் கருவியைத் தோளில் சார்த்தியபடி, ஊர் ஊராக நடந்தார். சிவாலயங்களில் அவருடைய திருவுருவத்தைப் பார்க்கிறவர்கள் அந்த உழவாரத்தைக் கொண்டே அவரை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். தமிழ்நாட்டின் பெரும்புலவர்களுள் ஒருவருக்கு ஏடும் எழுத்தாணியும் அடையாளமாக அமையாமல், புல் செதுக்கும் கருவி அடையாளமாக அமைந்தது நம் பண்பாட்டின் பெருமைகளுள் ஒன்று. முதுமையில் அவர் திருப்புகலூரில் பணி செய்துகொண்டிருந்தபோது, உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் தோன்றி ஒளிர்ந்தனவென்றும், அவற்றையும் பருக்கைக் கற்களையும் வேறுபாடு இன்றி ஒருங்கே வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு அவர் தம் வேலையைத் தொடர்ந்தாரென்றும் சேக்கிழார் சொல்வார். முற்றம் தூய்மையாக வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்குப் பொன்னும் இடையூறு, கல்லும் இடையூறு. வேலையின் பயன் வேலையிலேயே நிறைந்திருக்கும்போது மனிதனுக்கு எத்தகைய சுதந்திரம் வாய்க்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலுமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஏழாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் தோன்றிய இராமலிங்க அடிகளார், சென்னையில் இளமையைக் கழித்துவிட்டு, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். அவரை அருட்கவியாக அறிந்தவர்கள் பலர். சன்மார்க்க ஸ்தாபகராக அறிந்தவர்களும் பலர். ஆனால் மனிதன் ஒரு நாளை எவ்வாறு கழிக்க வேண்டும் என்பதை வைகறை முதல் இரவு வரை விரித்துரைத்த ஆசிரியராக அவரை அறிந்தவர்கள் சிலரே. நித்திய கரும விதி என்று வழங்கும் அவருடைய உரைநடைப் பகுதியை நீங்கள் எல்லோரும் ஒருமுறையேனும் படிக்க வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

சூரியோதயத்துக்கு முன்னே எழுவது, எழுந்ததும் சற்று அமர்ந்து கடவுளைத் தியானிப்பது, வேலங்குச்சியாலோ ஆலம்விழுதாலோ பல் துலக்குவது, கரிசலாங்கண்ணியைப் பயன்படுத்துவது, வெந்நீரில் குளிப்பது, பசி தோன்றியபோது தாமதியாமல் உண்பது, உண்ணும்போது அளவு மீறாதிருப்பது, இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பது என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். அதனோடு நில்லாமல், உரத்துப் பேசுவதும், பரபரப்பாக ஓடி நடப்பதும், வழக்கிட்டுச் சண்டை செய்வதும், பயமும் கோபமும் பொறாமையும் விலக்கத்தக்கன என்று உடம்பின் ஒழுங்கோடு உள்ளத்தின் ஒழுங்கையும் சேர்த்து விதிக்கிறார். ஞானத்தின் சிகரத்தைத் தொட்ட ஒருவர் பல் துலக்குவதைப் பற்றி இத்தனை சிரத்தையோடு எழுதியிருக்கிறாரே என்று சிலர் வியக்கலாம். அன்றாடச் செயல்களை அற்பமென்று தள்ளிவிட்டால் வாழ்க்கையில் எஞ்சி நிற்பது மிகக் கொஞ்சம் என்பதை அவர் அறிந்திருந்தார். அன்றாடச் செயல்களாகிய அந்தப் பெரும்பகுதியை மறதிக்கும் சோம்பலுக்கும் விட்டுவிட அவருக்கு மனம் ஒப்பவில்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இன்று கடைகளில் குவிந்து கிடக்கும் சுயமுன்னேற்ற நூல்களும் அதிகாலையில் எழுவதையும் அளவாக உண்பதையும் உபதேசிக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் எழுகிறவனுக்குச் செல்வமும் புகழும் வரும் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அடிகளார் அவ்வாறு நின்றுவிடவில்லை. ஒழுங்குபட்ட உடம்பும் மனமும் எதற்காக என்றால், உயிர்களிடத்தில் இரங்கி அவற்றின் பசியைத் தீர்ப்பதற்காக என்பது அவர் கொள்கை. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூலில், பசி மிகுந்தபோது கண்ணும் காதும் நாவும் அறிவும் எவ்வாறு ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகின்றன என்பதை அவர் வருணித்திருப்பதைப் படித்துவிட்டு, வாசலில் நிற்கும் பசித்தவனை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கும் மனம் வராது.

அந்தக் கருணை எழுத்தோடு நின்றுவிடவில்லை. ஊர் மக்கள் அளித்த எண்பது காணி நிலத்தில், 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. இருபத்தொரு அடி நீளமும், இரண்டரை அடி அகலமும், அவ்வளவே ஆழமும் கொண்ட அடுப்பில் அன்று மூட்டிய நெருப்பு இந்நாள் வரை அணையவில்லை. அதற்குப் பத்தாண்டுக்குள் 1876-ஆம் ஆண்டின் கொடும்பஞ்சம் தென்னாட்டை வாட்டியது, பின்னர் இரண்டு உலக மகாயுத்தங்கள் வந்து போயின, அரசாட்சி மாறியது, புயலும் வெள்ளமும் நம் மாவட்டத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கின, 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடலே எழுந்து வந்தது, 2011-ஆம் ஆண்டு இறுதியில் தானே புயல் நம் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. அந்த நாட்களிலும் அங்கே யாரோ ஒருவர் விறகு தள்ளினார், யாரோ ஒருவர் உலை வைத்தார், யாரோ ஒருவர் இலை போட்டார். அணையா அடுப்பு என்று நாம் பக்தியோடு சொல்கிறோம். அது அணையாமல் இருப்பது பெயர் தெரியாத அந்தக் கைகள் தலைமுறை தலைமுறையாக ஒரு நாளும் தவறாமல் வந்ததனால் அல்லவா? ஒரு மகான் ஒரு நாளில் செய்த சங்கற்பத்தைச் சாமானியர்களின் தினசரி வழக்கம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றிவருகிறது.

இன்னும் அண்மைக் காலத்துக்கு வந்தால், தில்லை எனப்படும் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தரைக் காண்கிறோம். ஆரணிக்கு அருகே பிறந்து, துறவு பூண்டு, சிதம்பரத்தை வந்தடைந்த அவர், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி மறுக்கப்படுவதைக் கண்டு, 1916-ஆம் ஆண்டு ஓமக்குளத்தில் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைச் சில பிள்ளைகளோடு தொடங்கினார். பொன்னம்பலத்தை நாடி வந்த நந்தனாரின் நினைவு தங்கியிருக்கும் இடம் ஓமக்குளம்; அங்கே அவர் பெயரால் பள்ளி எழுந்தது எத்தனை பொருத்தம்! சட்டமன்றத்தில் அமர்ந்து அந்த மக்களுக்காக அவர் வாதாடியதும் பெரும்பணியே. எனினும் 1959-ஆம் ஆண்டு மறையும்வரை நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவர் வாழ்வைத் தாங்கியது, காலையில் மணி அடிப்பதும், பிள்ளைகள் வந்தார்களா என்று பார்ப்பதும், அவர்களுக்குச் சோறும் பாடமும் கிடைத்தனவா என்று விசாரிப்பதுமான, கைதட்டல் கிடைக்காத அன்றாடக் கடமையே என்று நான் கருதுகிறேன். பள்ளிக்கூடம் நடத்திய எவரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு உங்களுள் இரண்டு ஐயங்கள் எழக்கூடும். ஒன்று, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது உயிரற்ற சடங்காகிவிடாதா என்பது. ஆகிவிடக்கூடும், அதை மறுப்பதற்கில்லை. தில்லைக் கோயிலில் நாள்தோறும் ஆறு கால பூஜை நடக்கிறது. அதே மந்திரம், அதே தீபம். கண்டவர்களுள் ஒருவர் உருகுகிறார், மற்றொருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வேறுபாடு செயலில் இல்லை, செய்கிறவரின் கவனத்தில் இருக்கிறது. ஆனால் கவனம் ஒரு நாள் குறைந்தது என்பதற்காகச் செயலையே கைவிட்டுவிட்டால், நாளை கவனம் திரும்பி வரும்போது அது வந்து தங்குவதற்கு இடமில்லாமல் போய்விடும்.

இரண்டாவது ஐயம் இன்னும் கனமானது. பின்னிரவில் கட்டுமரத்தையும் விசைப்படகையும் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும் மீனவருக்கும், பண்ணுருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்துப்போன பெண்களுக்கும், நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு முறை பார்த்துவிட்டு வரும் தொழிலாளிக்கும் இந்த உபதேசமெல்லாம் எதற்கு, அவர்களுக்கு ஓய்வு ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உழைப்பவனுக்கு ஓய்வும் நல்ல கூலியும் கிடைக்கச் செய்வது சமூகத்தின் கடமை. அந்தக் கடமையை மறைப்பதற்கு நல்ல பழக்கங்களைப் பற்றிய பேச்சைத் திரையாகப் பயன்படுத்தக்கூடாது. ஆயினும் நான் சொல்வது ஓய்வு மிகுந்தவர்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் அன்று. அலகும் உழவாரமும் அகப்பையும் உழைப்பாளியின் கருவிகள். தன் குடும்பத்துக்காக அன்றாடம் கடலில் இறங்குகிறவர் ஏற்கெனவே பொருளுள்ள வாழ்வு வாழ்கிறார். அதை அவர் உணருமாறு அவருக்கு மரியாதை செய்யத் தவறியது நம் குற்றம்.

இனி நடைமுறைக்கு வருவோம். நம் முன்னோர் விரதங்கள் பலவற்றுக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், என்று ஒரு கால எல்லை வகுத்தார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 96 பேரைக்கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு புதிய செயல் நினைவூட்டல் இன்றித் தானாக நிகழும் நிலையை அடைவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகிறதென்றும், சிலருக்கு 18 நாளிலேயே கைகூடுகிறதென்றும், சிலருக்கு 254 நாள் வரை நீளக்கூடுமென்றும் கணித்திருக்கிறார்கள். இடையில் ஒரு நாள் தவறிவிட்டால் அதனால் பெரும் பாதகம் இல்லை என்பதும் அந்த ஆய்வு கண்ட செய்தி. எனவே ஒரு வாரத்தில் சலித்துப்போகிறவரும், ஒரு நாள் தவறியதற்காக மனமுடைந்து அடியோடு விட்டுவிடுகிறவரும் அவசரப்படுகிறார்கள். தவறியதற்கு வருந்திக்கொண்டிராமல் மறுநாள் அதே வேளையில் தொடங்குவதுதான் பரிகாரம்.

எதைத் தொடங்குவது என்பதற்கும் நம் வீடுகளிலேயே விடை இருக்கிறது. நம் பாட்டிமார்கள் உலையில் அரிசி களைந்து போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் இட்டுவைப்பார்கள். பானை நிறைந்ததும் அது கோயிலுக்கோ, மடத்துக்கோ, அன்னதானத்துக்கோ போய்ச் சேரும். பிடியரிசி என்னும் அந்த வழக்கத்தின் அமைப்பைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். புதிதாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை, ஏனெனில் அது அன்றாடம் நடக்கும் சமையலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஏழைக்கும் பாரமில்லை, ஏனெனில் அளவு ஒரு பிடிதான். யாரும் பாராட்ட வேண்டியதில்லை, ஏனெனில் அது அடுப்பங்கரையில் நடக்கிறது. சாப்பாட்டை நினைக்கும் அந்தக் கணத்திலேயே, முகம் அறியாத ஒருவரின் பசியையும் நினைக்கும்படி அது நம்மைப் பழக்குகிறது. ஒரு நல்ல பழக்கத்துக்கு வேண்டிய இலக்கணம் முழுவதையும் எழுத்தறியாத மூதாட்டிகள் ஒரு மண்பானைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். மாணவர்களே, பள்ளி விட்டு வந்ததும் கால்மணி நேரம் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். ஓய்வு பெற்ற பெரியோர்களே, காலையில் நடக்கப் போகும்போது தெருமுனை மரக்கன்றுக்கு ஒரு குடம் நீர் ஊற்றுங்கள். மாலையில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். தாய்மார்களே, பிடியரிசிப் பானையை மீண்டும் அடுப்பங்கரையில் வையுங்கள்; தைப்பூசத்துக்கு வடலூர் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றே ஒன்று போதும். ஆனால் அதற்கு ஒரு வேளை குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அதன் பயன் உங்களைத் தாண்டி வேறொருவரைச் சென்றடைய வேண்டும்.

அவ்வாறு ஓராண்டு செய்து பாருங்கள். என் வாழ்வின் இலட்சியம் எது என்ற கேள்வி அப்போதும் உங்களிடம் இருக்கலாம். ஆனால் அதை நீங்கள் கேட்கும் குரல் மாறியிருக்கும். இன்று வெறுமையிலிருந்து கேட்கிறீர்கள். அன்று, உங்கள் வருகைக்காக ஒரு சிறுவன் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருப்பான், நீங்கள் ஊற்றிய நீரில் ஒரு மரம் தழைத்திருக்கும், உங்கள் அரிசியில் யாரோ ஒருவர் பசியாறியிருப்பார். அவர்கள் நடுவே நின்று கேட்கிறவருக்கு விடை தொலைவில் இராது. இந்தச் சபையிலிருந்து எழுந்து செல்லுமுன், உங்களுக்குரிய அந்த ஒரு செயல் எது, அதற்குரிய வேளை எது என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். தொடங்குகிறவர்கள் அனைவரும் நீடு வாழ்க!